கைப்பிடியில் கட்டிய துணி

இப்போதெல்லாம் ஒரு மனுஷனை ஒதுக்கித் தள்ள வேண்டுமென்றால் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, "உங்க கருத்து என்ன?" என்று கேட்கிறார்கள். சொன்னதை மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒட்டி முடித்த பிறகு, முன்னமே என்ன செய்வதென்று வைத்திருந்தார்களோ அதைச் செய்கிறார்கள். பழைய முதலாளி இப்படியில்லை. "நாளையிலேர்ந்து இப்படித்தான், முடியாதவன் கிளம்பு" என்பார். கேட்கக் கசக்கும். ஆனால் அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியும்.

இப்படி நினைத்துக்கொண்டிருந்தவர் மாட்டேன். அது அவர் பெயரில்லை. சலவைக்கூடத்தில் எந்த வேலையைச் சொன்னாலும் முதலில் வாயிலிருந்து விழுவது அந்த வார்த்தைதான் என்பதால் ஒட்டிக்கொண்டது. சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் அதே வேலையைச் செய்து முடித்திருப்பார். ஆனாலும் முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பத்தாறு வருஷத்தில் அவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. "மாட்டேன் மாமா" என்றால் திரும்பிப் பார்ப்பார்.

மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்கு அந்தக் கூடத்துக்கு வந்து இறங்கும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைத் துணி, நோயாளிகள் போட்டுக் கழற்றிய அங்கி. கீழ்த்தளத்தில் எட்டு மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் ஆள் குனிந்து உள்ளே போகிற அளவு வட்டக் கதவு. தரை எப்போதும் ஈரம். காலுக்கு ரப்பர் பூட்ஸ், வியர்வை துடைக்கக் கழுத்தில் ஒரு துண்டு. மாடியில் தேய்ப்பவர்களும் மடிப்பவர்களும். மாடிக்காரர்கள் கீழே இருப்பவர்களை 'ஈரக்கால்' என்பார்கள். கீழே இருப்பவர்கள் அவர்களை 'மொடமொட' என்பார்கள். இரண்டு பக்கமும் டீ குடிப்பதுகூடத் தனித்தனியாகத்தான்.

எட்டும் ஒன்றாக ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் விழாது. அதற்காக வந்ததுதான் துணி. ஒரு மெஷினில் கோளாறு என்று பட்டால், கிழிந்த விரிப்பின் சிவப்புக் கரையைக் கிழித்து அதன் கைப்பிடியில் கட்டிவிடுவார்கள். ஒரு முடிச்சு என்றால் பார்த்து ஓட்டு. இரண்டு முடிச்சு என்றால் தொடாதே. துணியே இல்லையென்றால் மெஷின் நல்லபடியாக இருக்கிறது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அதுவும் மெக்கானிக் சரிசெய்து, தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எங்கேயும் எழுதிவைத்ததும் இல்லை. ஈரக்கால்களுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தார்கள்.

நாலு மாதத்துக்கு முன் கூடம் கைமாறியது. புது மேனேஜர் வந்தார். அவர் பின்னாலேயே ஆலோசகர் என்று ஒருவர், மடித்துக் கையிடுக்கில் வைக்கிற கம்ப்யூட்டருடன் வந்தார். சத்தம் போடாதவர், எல்லோரையும் 'வாங்க, போங்க' என்பவர். மாட்டேனுக்கு அதுவே சந்தேகம். சக்கரம் வைத்த தள்ளுவண்டிகள் வந்தன. வாசலில் விரலால் தொட்டுக் கோளாறை எழுதுகிற திரை வந்தது. ஆளுக்கொரு அட்டை, அதைத் தொங்கவிடக் கழுத்தில் நாடா. தள்ளுவண்டி வந்தபின் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போன பெண்கள் நிமிர்ந்து நடந்தார்கள். அதை மாட்டேனும் கவனித்தார். வாயைத் திறந்து சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம் வந்தது. மாடியில் சாப்பாட்டு அறைச் சுவரில், பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிற கோடு. மாற்றம் வந்தால் மனுஷன் முதலில் அதிர்ச்சியாவானாம், அப்புறம் கோபப்படுவானாம், அப்புறம் யோசிப்பானாம், கடைசியில் ஏற்றுக்கொள்வானாம். ஆளுக்கொரு வட்ட ஸ்டிக்கர். கோபத்தில் இருந்தால் சிவப்பு, யோசித்தால் மஞ்சள், ஏற்றுக்கொண்டால் பச்சை. வாரா வாரம் அதைப் பெயர்த்து ஒட்டுகிற வேலை, மாடியில் எட்டு வருஷம் மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. மாற்றத்தை முன்னின்று நடத்துகிற பொறுப்பு, மூன்று மாதத் தவணை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பார்வையிட வருவார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் மடிக்கிற மேஜை, அதுவும் மேஜை மிச்சமிருந்தால்.

அந்தப் பெண் மாட்டேனின் மகள். ஒரே மகள்.

மஞ்சள் காகிதக் கூட்டம் நடந்தபோது ஆலோசகர் தெளிவாகத்தான் கேட்டார். "எழுதிவைக்காம, பழக்கத்துல நீங்க செய்யற வேலை ஏதாவது இருக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியணும். தெரியாம மாத்தினா தப்பாயிடும். ஆளுக்கு ஒரு காகிதம், மறைக்காம எழுதுங்க."

கீழ்த்தளத்து ஆட்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர், மற்றவர்கள் எல்லோரும் மாட்டேனைப் பார்த்தார்கள். மூன்றாம் நம்பர் ஓட்டுகிற பெண்மணி குனிந்து, தன்னளவில் மெதுவாகக் கேட்டாள். அவளுக்குப் பெயர் சைரன். மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரல் அந்தக் கூடத்தில் அவளுடையது ஒன்றுதான்.

"துணி கட்டறதை எழுதவா, அண்ணே?"

"எழுதுவே, எழுதுவே. நாளைக்கு அதுக்கும் ஒரு அட்டை போட்டு உன் கழுத்துல மாட்டுவாங்க."

"கேக்கறாரே பாவம்."

"கேக்கறவன் எதுக்குக் கேக்கறான்னு பாரு. நமக்கு மட்டும் தெரிஞ்சதுன்னு இந்த ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் கொடுத்துட்டா அப்புறம் நீ எதுக்கு, நான் எதுக்கு? ஒண்ணுமில்லைன்னு எழுது."

இருபத்திரண்டு காகிதத்திலும் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. எழுதத் தெரியாத இரண்டு பேருக்குச் சைரனே எழுதிக்கொடுத்தாள். ஆலோசகர் அவற்றை வரிசையாக ஒட்டிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மகளும் பார்த்தாள். அவள் பார்த்தது சுவரை இல்லை, அப்பாவை.

பார்வையிட வருவதற்கு மூன்று நாள் முன்பு, சாயங்காலம். அன்றோடு மெஷின்களை நிறுத்தி இரண்டு நாள் பெயின்ட் அடிப்பதாக ஏற்பாடு. கடைசி ஷிப்டில் மாட்டேன் நாலாம் நம்பரில் நின்றார். சுற்று முடிந்து பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியைத் தொட்டார், இழுக்கக்கூட இல்லை. கதவு தானாக விட்டுக்கொடுத்தது. உள்ளே டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஈர விரிப்பு ஒன்று பாம்பு மாதிரி வெளியே வீசி முன்கையில் அறைந்தது, கூடவே கொதிநீர். பின்னால் துள்ளியதால் பிழைத்தார். கைப்பிடியை இன்னும் அரை நொடி பிடித்திருந்தால் கை தோளோடு போயிருக்கும்.

கை எரிய எரிய நின்றார். டிரம் நின்றது. சிவப்புக் கரையைக் கிழித்தார். இரண்டு முடிச்சு, தன் வழக்கப்படி இறுக்கி, நுனியை உள்ளே செருகி. மற்றவர்கள் ஏற்கெனவே பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே வரும்போது வாசலில் அந்தத் திரை விழித்துக்கொண்டிருந்தது. 'கோளாறு இருக்கிறதா? இங்கே தொடவும்.' மாட்டேன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். துணி கட்டியாயிற்று. அது போதாதா?

வாசலுக்கு வெளியே மகள் காத்திருந்தாள். வேலையிடத்தில் அவள் அவரை 'நீங்க' என்பாள், வீட்டில் 'நீ'. அங்கே நின்று எதைச் சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை போல.

"அப்பா, மூணு நாள் லீவு எடுத்துக்கங்க. மேனேஜர் சொல்லச் சொன்னாரு."

"எனக்கு லீவு வேணாம்."

"பார்க்க வர்றவங்க முன்னாடி உங்களை ஏதாவது கேட்டா நீங்க என்ன சொல்வீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

"ஓ. அப்பன் வாயைப் பூட்டறதுதான் உன் மாற்றமா?"

"உங்களால வேலை போகக் கூடாதுன்னு பார்க்கறேன்ப்பா. என் வேலை."

"வெறும் புள்ளி ஒட்டற வேலை."

அன்று வீடு திரும்பும்போது இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நடக்கிற அளவு இடம் இருந்தது.

வீட்டில் மனைவி முன்கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, இப்படிச் செவந்திருக்கு?"

"டீ கொட்டிடுச்சு."

"எவ்வளவு டீ? அண்டாவோடவா?" என்று களிம்பு தடவினாள்.

இரண்டு நாளும் மழை. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. ஒழுகுகிற குழாயைச் சரிசெய்கிறேன் என்று கழற்றினார், வீடு முழுக்கத் தண்ணீர். ஜன்னல் கொக்கியைத் திருகினார், அது கையோடு வந்தது. "உங்களுக்கு லீவு கொடுத்தவங்களுக்கு என்னைப் பார்த்தா இரக்கமே வரலையா?" என்றாள் மனைவி. மகள் காலையில் இருட்டோடு போனாள், இருட்டியபின் வந்தாள். அப்பா இருக்கிற அறையில் நிற்காமல், தட்டை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். காதில் விழட்டும் என்றே அம்மாவிடம் பேசினாள்.

"நாளைக்கு நானே மெஷின் ஓட்டிக் காட்டணும்மா. மாடியிலேர்ந்து வந்த பொண்ணுகூட ஓட்டலாம், அவ்வளவு சுலபம், அவ்வளவு பத்திரம்னு காட்டறதுக்கு. நாலு நாளா சொல்லிக்கிட்டே பார்க்கறேன். முதல்ல வண்டி, அப்புறம் அளவு, அப்புறம் பொத்தான், பச்சை எரிஞ்சா கதவு. கனவுல கூட பச்சை எரியுது."

"தட்டு அப்படியே இருக்கேடி. சாப்பிடு முதல்ல."

"இறங்கலைம்மா."

மாட்டேன் அடுத்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நாளைக்கு அந்தக் கூத்தெல்லாம் பல்லிளிக்க வேண்டும் என்றான் ஒருவன். பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றான் இன்னொருவன். இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்பதுதான் விளங்கவில்லை. எந்த மெஷினில் ஓட்டிக் காட்டப்போகிறாள் என்று கேட்க ஒரு தரம் வாயெடுத்தார். எதுவானால் என்ன, நாலாம் நம்பரில்தான் துணி இருக்கிறதே, அங்கே யார் போகப்போகிறார்கள் என்று மூடிக்கொண்டார்.

மறுநாள் அவர் எழுந்தபோது மகள் கிளம்பிப் போயிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. மனைவி அடுப்படி மேடையைத் துடைத்துக்கொண்டே புலம்பினாள்.

"நேத்து ராத்திரி பொண்ணு ஒரு பை நிறைய பழந்துணி கொண்டாந்தா. அங்க சுத்தம் பண்ணும்போது மெஷின்ல தொங்கிட்டிருந்த கந்தலையெல்லாம் வெட்டி எடுத்துட்டாங்களாம். தூக்கிப் போடறதுக்குத் துவைச்சு நமக்காவது ஆகட்டும்னு வாங்கியாந்திருக்கா. நல்ல துணிதான். ஆனா இந்த ஒண்ணு முடிச்சு முடிச்சா இருக்கு. பல்லால கடிச்சும் அவிழ மாட்டேங்குது. எந்த மகராசன் கட்டினானோ."

அவள் நீட்டினாள். சிவப்புக் கரை. கைப்பிடியில் சுற்றியிருந்த வளைவு கத்தரிக்கோலில் அறுபட்டிருந்தது. முடிச்சு இரண்டும் அப்படியே. நுனி உள்ளே செருகியிருந்தது.

மாட்டேன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் வெட்டிட்டாங்களா? எட்டுலயுமா?"

"அப்படித்தான் சொன்னா. ஏங்க, ஏன் முகம் இப்படிப் போகுது?"

துணி இல்லையென்றால் மெஷின் நல்லபடியாக இருக்கிறது. இரண்டு நாள் நிறுத்திவைத்துப் பெயின்ட் அடித்த மெஷின். எட்டிலும் துணி இல்லை. உள்ளே வருகிற ஈரக்கால்கள் என்ன நினைப்பார்கள்? எல்லாவற்றையும் பழுதுபார்த்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். சைரனே அப்படித்தான் நினைப்பாள். வருகிறவர்களுக்கு வாசலுக்கு நேராகத் தெரிகிற மெஷின் எது? நாலாம் நம்பர்.

"போன் போடு. அவளுக்குப் போன் போடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. "பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு சத்தத்தை அமுக்கி வச்சிருப்பா" என்றாள் மனைவி. "மறுபடி போடு. விடாம போட்டுக்கிட்டே இரு" என்று துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். "ஏங்க, செருப்பு!" என்று அவள் பின்னால் கத்தியது தெரு முனையில்தான் அவருக்கு உறைத்தது. திரும்பவில்லை.

வீட்டிலிருந்து கூடத்துக்கு இருபது நிமிஷ நடை. ஓடினால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது, ஓடியதில்லை. அறுபத்து மூன்று வயதுக் கால் ஓட்டம் என்று நினைத்துச் செய்வது வேகமான நொண்டல்தான். தெருத் திருப்பத்தில் தண்ணீர் முழங்கால்வரை நின்றது. பஸ் ஒன்று கடந்துபோய்ச் சேற்றை வாரி அடித்தது. திட்டக்கூட மூச்சு மிச்சமில்லை. அவள் ஒப்பித்தது மட்டும் தலைக்குள் ஓடியது. முதல்ல வண்டி, அப்புறம் அளவு, அப்புறம் பொத்தான். வண்டி முடிந்திருக்குமா? அளவு?

வாசலில் காவலாளி குடையோடு குறுக்கே வந்தான்.

"மாமா, நீங்க லீவுல இருக்கீங்க."

"வழி விடுடா."

"லிஸ்ட்ல உங்களை உள்ள விடக் கூடாதுன்னு போட்டிருக்கு மாமா. என் வேலை போயிடும்."

"என் பொண்ணு கை போகப்போகுது!"

அவனுக்கு என்ன புரிந்ததோ, குடையை விலக்கினான். இல்லை, மாட்டேன் தள்ளியதில் குடை விலகியது. அப்புறம் இரண்டு விதமாகவும் சொன்னார்கள்.

உள்ளே எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. புதுப் பெயின்ட் பளபளத்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர் அரைவட்டமாக நின்றார்கள். பக்கத்தில் மேனேஜர், ஆலோசகர். நாலாம் நம்பரின் முன்னால் மகள், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், கழுத்து நாடாவில் அட்டை ஆட. டிரம் வேகம் குறைந்துகொண்டிருந்தது. சுற்று முடிகிற நேரம்.

"தொடாதே!" என்று கத்தினார். தன் குரல் தன் காதிலேயே விழவில்லை. மறுபடி கத்தினார். யாரும் திரும்பவில்லை. நடுவே முப்பது அடித் தூரம், தள்ளுவண்டிகள் வரிசையாக.

கழுத்துத் துண்டை உருவினார். நனைந்து கனத்த துண்டு. ஒரு முடிச்சு. இன்னொன்று. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

மூன்றாம் நம்பரில் நின்ற சைரன்தான் முதலில் பார்த்தாள். வெறுங்காலோடு, சேறு வழிய, தலைக்கு மேல் இரண்டு முடிச்சோடு ஒரு கிழவன். அவர் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடிந்திருக்கும். பச்சை விளக்கு எரிந்தது. மகளின் கை கைப்பிடிக்குப் போனது. சைரன் பாய்ந்து அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அதற்குள் கதவு திறந்துகொண்டது.

விரிப்பு வீசி வெளியே வந்தது. மகளின் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டது. நாடா ஒரு இழு இழுத்து அறுந்தது. கொதிநீர் தரையில் பரவி, வெள்ளைக் கோட்டுக்காரர்கள் குதித்துப் பின்வாங்கினார்கள். சைரன் போட்ட ஒரு சத்தத்தில் யாரோ மெயின் சுவிட்சை இறக்கினார்கள்.

எட்டும் நின்றன. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். துண்டைப் பார்த்த ஈரக்கால்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலேயே, நாலாம் நம்பரை விட்டு மூன்றடி தள்ளி நின்றிருந்தார்கள். மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் நாடா அறுத்த சிவப்புக் கோடு. இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டேன் அவளைத் தாண்டிப் போய், துண்டை நாலாம் நம்பரின் கைப்பிடியில் கட்டினார். அதைக் கட்டிய பிறகுதான் மகளின் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

வந்தவர்கள் போகும்போது, ஒரு மாதம் கழித்து மறுபடி வருவதாக மட்டும் சொன்னார்கள். மகளின் தவணையும் அதுவரை என்று மேனேஜர் சொன்னார். போகவும் இல்லை, நிரந்தரமும் இல்லை. சாப்பாட்டு அறையில் மாட்டேனை உட்காரவைத்துப் போர்த்திக்கொள்ள ஒரு விரிப்பும் டீயும் கொடுத்தார்கள். பிஸ்கட்டும் வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

ஆலோசகர் எதிரே உட்கார்ந்தார். சைரன் முடிச்சுக் கதையை அவரிடம் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

"நான் அன்னிக்கே கேட்டேனே பெரியவரே."

"கேட்டீங்க. நான்தான் சொல்லலை. மத்தவங்களையும் சொல்ல வேணாம்னேன்."

"ஏன்?"

"சொன்னா அதை எடுத்துடுவீங்க."

"சொல்லாததாலதான் எடுத்துட்டோம்."

டீயில் ஆடை படிந்தது. அந்த ஆள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாட்டேனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"தப்பு என் மேலயும் இருக்கு" என்றார் ஆலோசகர். "இருபத்திரண்டு காகிதத்துல ஒரே வார்த்தை வந்தா, ஒண்ணுமில்லைன்னு அர்த்தமில்லை. அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு. நேரம் இல்லைன்னு விட்டுட்டேன்."

"அது உங்க பாடு."

ஆலோசகர் கீழே போய்விட்டார். மகள் உள்ளே வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"கையைக் காட்டுங்க."

நீட்டினார். முன்கையில் தோல் உரிந்து பளபளத்தது.

"டீயா இது?"

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியும் உங்களுக்கு. வெளியே வந்து என் முன்னாடிதான் நின்னீங்க. ஒரு வார்த்தை. நாலாம் நம்பர் சரியில்லைன்னு ஒரு வார்த்தை. போகட்டும், என்கிட்ட பேசப் பிடிக்கலை. அந்தத் திரையில ஒரு விரல் வச்சிருக்கலாம்."

"அதை நான் நம்பலை."

"என்னை?"

அவர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது.

"நான் வெட்டினேன்ப்பா" என்றாள். "பெயின்ட் அடிக்க வந்தவங்க, இது எதுக்கும்மா கட்டியிருக்குன்னு கேட்டாங்க. கந்தல்னு சொல்லி நானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினேன். ஒரே வீட்டுல இருக்கோம். முப்பத்தோரு வருஷமா. எனக்குத் தெரியலை."

"மாடிக்காரங்களுக்கு அது எதுக்குன்னு..." என்று ஆரம்பித்தார். "வலிக்குதா?" என்று கழுத்தைக் காட்டிக் கேட்டார்.

"வலிக்குது."

அடுத்த வாரத்துக்குள் ஆலோசகர் எல்லாவற்றையும் செய்துவிட்டார். சிவப்பு பிளாஸ்டிக்கில் பட்டைகள், ஒரு துளை போட்டவை, இரண்டு துளை போட்டவை, மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில். கட்டியவரே அவிழ்க்க வேண்டும் என்பதைக்கூட எழுதிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார். கீழ்த்தளமும் மாடியும் சேர்ந்து நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும்படி மகள் ஏற்பாடு செய்தாள். மொடமொடக்காரிகள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்ததில் சைரன் சிரித்த சிரிப்பு மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்டது. நாலாம் நம்பரின் பூட்டு வெளியூரிலிருந்து வர வேண்டும், இன்னும் வரவில்லை. அதில் பிளாஸ்டிக் பட்டை தொங்கியது. அதற்குக் கீழே மாட்டேனின் துண்டும் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

வார முடிவில் சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். மேனேஜர் நாலு நல்ல வார்த்தை சொன்னார். வெளியே மழை பிடித்திருந்தது. ஆலோசகர் மகளிடம் ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்தார். அவள் தயங்கி, அப்பாவைப் பார்த்து, பிறகு கோட்டின் ஏற்றத்தில் கடைசி இடத்தில் அதை ஒட்டினாள். பச்சை.

"நாலு மாசமா பள்ளத்துலேயே இருந்தவரு. இன்னிக்கு மேல வந்துட்டாரு" என்றார் ஆலோசகர். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மனசாரத்தான் சொன்னார்.

மாட்டேன் எழுந்தார். சுவர்வரை நடந்துபோனார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"நாலாம் நம்பர்லயும் பச்சைதான் எரிஞ்சுது" என்றார்.

நகத்தால் சுரண்டி அதைப் பெயர்த்தார். எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் ஒரு நொடி விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் கையைப் பிடித்து, ஐந்து விரலும் இருக்கிற அந்தக் கையைத் திருப்பி, உள்ளங்கையில் ஒட்டினார்.

"நீ வச்சுக்கோ. நான் எங்க இருக்கேன்னு கேக்கணும்னா என்கிட்டயே கேளு."

"கேட்டா சொல்லுவியா?"

"மாட்டேன்" என்றார். பழக்கம். வாயிலிருந்து அதுதான் வந்தது.

ஷிப்ட் முடிந்திருந்தது. படியிறங்கி, மெஷின்களுக்கு நடுவே, வாசல் பக்கம் நடந்தார். திரை விழித்துக்கொண்டிருந்தது. அதன் முன் சற்று நின்றார், ஒரு விரல் பாதி உயர்ந்தது. திருட வந்த பூனையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். மழை விடவில்லை. தலையில் போட்டுக்கொள்ளலாம் என்று கழுத்தைத் தடவினார். துண்டு நாலாம் நம்பரில் இருந்தது. பூட்டு வந்து, மெக்கானிக் மாட்டி, தானே ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறவரை அது அங்கேதான் இருக்க வேண்டும்.

நனைந்துகொண்டே போனார்.